மேற்பார்வைக்குப் போய்ச் சாப்பிட்ட மீன்குழம்பு

அடுத்தவரின் தொழில் ஒழுக்கத்தைக் கண்காணிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தவர்கள், என்னைப் பற்றிச் சரியாக விசாரிக்கவில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

நெடுந்தீவில் உளவியலாளராக இருந்த ஜெனிற்றா, தன்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒரு தாயின் வீட்டில் அடிக்கடி சாப்பிடுகிறாள் என்று முறைப்பாடு. எங்கள் தொழில்சார் சபை அவளை ஆறு மாதம் என் மேற்பார்வையில் விட்டது. அந்த வீட்டுக்கு அவள் இனிப் போகக்கூடாது. என் அறிக்கை சரியில்லையென்றால் வேலையும் போய்விடும். நான் அப்போது விதிகளைக் கரைத்துக் குடித்தவள். (போகிற இடத்தில் வேறொன்றும் குடிக்கமாட்டேன், தேத்தண்ணிகூட.) யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியிலேயே கட்டளையிட்டேன்: "ஆக்களின்ர பேர் ஒண்டும் எனக்குச் சொல்லக்கூடாது. 'அ' எண்டு மட்டும் எழுதும்."

முதன்முறை நேரில் போனபோது, காலைச் சாப்பாடு முழுவதையும் படகிலிருந்து கடலுக்குக் கொடுத்துவிட்டேன். வேலை முடிந்தும் திரும்பும் படகுக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தது. தீவைப் பார்க்கலாமென்று உச்சி வெய்யிலில் தனியே நடந்தேன். ஒரு வீட்டுப் படலையடியில் கண் இருண்டது.

"என்ன பிள்ளை, முகம் வெளிறிப்போச்சு? உள்ளுக்க வாங்கோ!"

ஒரு அம்மா கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினார். மோர் வந்தது. பிறகு சோறும் மீன்குழம்பும் வந்தன. அவரும் ஒரு சோற்றுக் கோப்பையோடு பக்கத்தில் இருந்தார். வேண்டாமென்று இரண்டு முறை சொன்னதாக ஞாபகம். மூன்றாம் முறை சோறு கேட்டதும் நான்தான்.

அப்போது ஜெனிற்றா என்னைத் தேடி வந்தாள். படலைக்கு வெளியே நின்றாளே தவிர உள்ளே வரவில்லை. என்னைப் பார்த்தாள், என் சோற்றுக் கோப்பையைப் பார்த்தாள், பிறகு வானத்தைப் பார்த்தாள்.

அம்மா பெருமூச்சு விட்டார். "மகனைக் கடல் கொண்டுபோன பிறகு, இவ பக்கத்தில இருந்தாத்தான் எனக்குச் சோறு இறங்கும். இப்ப வாசல் மிதிக்கிறா இல்லை. யாழ்ப்பாணத்தில ஆரோ ஒருத்தி மறிச்சுப்போட்டாளாம்."

அந்த ஒருத்திக்கு மீன்முள் தொண்டையில் சிக்கியது.

இறங்குதுறைக்குப் போகும் வழியில் எரிச்சலோடு கேட்டேன்: "அந்த வீடு இதெண்டு நீர் ஏன் முதலே சொல்லேல்லை?"

"பேர் சொல்லக்கூடாதெண்டு நீங்கள்தானே மிஸ் சொன்னனீங்கள்." பிறகு, "அவ சாப்பிட்டவவோ?" என்றாள்.

"ஓம். என்னோட இருந்து சாப்பிட்டவ."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து முதலில் எழுதிய அறிக்கையில் மீன்குழம்பு இல்லை. அதைக் கிழித்துவிட்டு உள்ளதை எழுதினேன்: அவள் விதியை மீறவில்லை, மீறியது நான். அந்த அம்மா தனியே சாப்பிடாமலிருக்க விதியில் ஏதும் வழி உண்டா என்றும் கேட்டேன். ஜெனிற்றாவின் வேலை தப்பியது. என் பொறுப்புப் பறிபோய், ஆறு மாதம் என்னையே இன்னொருவர் மேற்பார்வை செய்தார். கேள்விக்கு மட்டும் இன்றுவரை பதில் வரவில்லை.

இப்போது எந்த வீட்டில் எனக்குச் சோறு போட்டாலும் மகள் சத்தமாகச் சொல்வாள்: "அம்மா, முதல் பேரைக் கேளுங்கோ." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அந்த அம்மா இன்று யாரோடு இருந்து சாப்பிடுகிறாரோ என்று மனம் கிடந்து அடித்துக்கொள்ளும்.