சிறியதைப் பெரியதுக்குள் வைத்தேன்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இருந்தும் மலைக்கோட்டைக் கடைவீதியில் மூன்று மாடிப் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். (மொட்டை மாடியைச் சேர்த்தால் நான்கு.) இந்தக் கை பட்டால் எதுவும் ஒழுங்குக்கு வந்துவிடும் என்ற திமிரில்தான் ஒருநாள் என் மகள் வேலைக்கே உலை வைத்தேன்.

வித்யா எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டிலிருந்தே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். அன்று பதினொரு மணிக்குத் தான் எழுதிய புரோகிராமை மேனேஜருக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால்தான் வேலை நிரந்தரம். பத்தரைக்குக் குளிக்கப் போனாள். அவள் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தேன். திரையில் ஃபோல்டர்கள் பெரிதும் சிறிதுமாகப் பரந்து கிடந்தன. பாத்திரக்காரனுக்குப் பொறுக்குமா? குண்டானுக்குள் சட்டி, சட்டிக்குள் கிண்ணம், அப்படி அடுக்கினால்தானே கடை. மவுஸால் இழுத்து ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். திரை ஏதேதோ கேட்டது. எல்லாவற்றுக்கும் ஓகே கொடுத்தேன். (கௌரவம்.)

ஈரத்தலையோடு வந்தவள் உறைந்து நின்றாள். திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி.

"அப்பா, இதைத் தொட்டீங்களா?"

"அடுக்கி வச்சேம்மா."

"எது எங்க இருந்துச்சு?"

எனக்கு எங்கே தெரியும்? கம்பெனியில் இருந்த நகலை எடுக்கலாமென்றால் அதில் கடைசி இரண்டு நாள் வேலை கிடையாது. வாசற்படியில் நின்ற என் மனைவி, "கடையில மூணு மாடி பத்தாம மக பொழப்புலயும் ஒரு மாடி கட்டிட்டாரு" என்றாள்.

மணி பத்து ஐம்பது. வித்யா கீபோர்டை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வெளி ஃபோல்டர் உள்ள இருக்கறதையும் தன்னோடதுங்குதுப்பா. இருக்கற எடத்துலயே ஒவ்வொண்ணையும் தனியா பட்டியல்ல சேத்துட்டு, அதை நீ பாக்காதேன்னு வெளியில இருக்கறதுகிட்ட சொல்லணும்."

"எத்தனைம்மா?"

"பதினாலு. நீங்க பேசாம இருந்தா முடிச்சிடுவேன்."

மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். ஒவ்வொன்றாகச் சிவப்பு போனது. பன்னிரண்டாவதில் மேனேஜர் அழைப்பு வந்தது. "குட் மார்னிங் சார்" என்று சொல்லிக்கொண்டே பதினாலையும் முடித்தாள். புரோகிராம் ஓடியது.

மேனேஜர் கேட்டார்: "ஃபோல்டரை ஏன் ஒண்ணுக்குள்ள ஒண்ணா வச்சிருக்கீங்க?"

வித்யா என்னை முறைத்தபடி, "எங்க வீட்டுல அப்படித்தான் சார் வைப்போம்" என்றாள்.

வேலை நிரந்தரமானது. அந்த அடுக்கைக் கலைத்துப் பழையபடி வைக்க அவளுக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை. புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டு, "யாருங்க இதை இப்படிப் பண்ணது?" என்பார்களாம். "எங்க அப்பா" என்பாளாம். பாராட்டித்தான் சொல்கிறாள் என்று கடைவீதி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.