மாவீரனைத் திருப்பி அனுப்ப அனுமதி கோருதல்

மதிப்பிற்குரிய விதிநூல் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் வீட்டாரும், தாங்கள் உருவாக்கிய பேய் பிசாசுகள் நீங்கலாக மற்ற எல்லோரும், நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் ஓர் அலுவலகத்தின் மூன்றாம் எண் கவுண்டரில் முப்பத்தொரு வருடம் விண்ணப்பங்களை வாங்கி, குறை கண்டுபிடித்து, திருப்பிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். தங்களுடைய ‘இருட்கோட்டை’ விளையாட்டை என் மருமகள் வாங்கி வந்தாள். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அதில் வீரர்களாகி, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லி, அது பலித்ததா என்று இருபது முகப் பகடையை உருட்டிப் பார்க்கும் விளையாட்டு என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. முந்நூறு பக்க விதிநூலை முழுசாகப் படிக்கக்கூடிய ஒரே ஆள் என்று, கதை சொல்லும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஞாயிறு தோறும் சாப்பாட்டு மேசையில் நாலு பேர்: நான், என் மனைவி, மருமகள், அவளைப் பெற்றவரான என் சம்பந்தி. சம்பந்தி மருந்துக்கடைக்காரர். வருகிறவர்களுக்கெல்லாம் மாத்திரையோடு “ஒண்ணும் ஆகாது, போங்க” என்பதையும் சேர்த்துக் கொடுக்கிறவர். போன ஞாயிறு அவருடைய மாவீரன் கோட்டைக் கதவைத் திறந்தான். பகடையில் ஒன்று விழுந்தது. நான் நூலைப் புரட்டி, கவுண்டரில் வாசிக்கிற அதே குரலில் வாசித்தேன்: “விதி நாற்பத்தேழு. இதயம் நின்று வீரன் இறக்கிறான். மேல்முறையீடு கிடையாது.” வாசித்துவிட்டு நிமிர்ந்தால் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. வருகிற வியாழக்கிழமை சம்பந்திக்கு இதய ஆபரேஷன் என்பது அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. “சரி, சொல்லிட்டாங்க” என்று மட்டும் சொல்லி, அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுநாள் காலையில் மகளுக்குப் போன் செய்து, ஆபரேஷன் வேண்டாம், இருக்கிற வரைக்கும் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாராம்.

மருமகள் என்னிடம் குரலை உயர்த்தியதே இல்லை. அன்றும் உயர்த்தவில்லை. “நீங்கதான் மாமா கொன்னீங்க. நீங்களே எழுப்பிக் குடுங்க” என்றாள். நூலை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்துவிட்டேன். சாவதற்கு அதில் நாற்பத்தோரு வழி இருக்கிறது, திரும்பி வர ஒன்றுகூட இல்லை. காய் நறுக்கிக்கொண்டே என் மனைவிதான் சொன்னாள்: “முப்பத்தொரு வருஷத்துல ஒருத்தரையாவது முதல் தடவையிலயே உள்ள விட்டிருக்கீங்களா? எல்லாரையும் திருப்பித்தானே அனுப்பினீங்க. அவரையும் அனுப்புங்களேன்.”

செவ்வாய்க்கிழமை சம்பந்தியைக் கெஞ்சிக் கூத்தாடி மேசைக்கு வரவழைத்தோம். தங்கள் இருட்கோட்டையில் கொஞ்சம் கைவைத்துவிட்டேன், மன்னிக்கவும். பாதாளத்தை ஓர் அலுவலகமாக்கினேன். மண்டையோட்டு மன்னன் தலைமை எழுத்தர். நெருப்பு நாகம் முத்திரைக்கு அரக்கு உருக்கித் தரும் பியூன். அச்ச மதிப்பெண்ணை எடுத்துவிட்டுப் பொறுமை மதிப்பெண் வைத்தேன். மாவீரன் வாளும் கையுமாக என் கவுண்டருக்கு வந்தான்.

“செத்துட்டேன்” என்றார் சம்பந்தி, சுரத்தில்லாமல்.

“அத்தாட்சி இருக்குங்களா?”

“நானே வந்து நிக்கறேனே.”

“நேர்ல வந்து நிக்கறவரை எப்படிங்க செத்தவர்னு எடுத்துக்கறது?”

பகடையை உருட்டினார். பதினெட்டு, பொறுமை பிழைத்தது. பாதாளத்தில் சேரும் படிவத்தைத் திருப்பி அனுப்பினேன். அடுத்த முறை அவன் ஏறி வந்த குதிரையின் சம்மதக் கடிதம் இல்லை என்று திருப்பினேன். மூன்றாம் முறை, குதிரையின் கையெழுத்து போன வருடக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்றதும், மனிதர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “ஏங்க, ஒரு மனுஷனை நிம்மதியா சாகக்கூட விட மாட்டீங்களா?” என்று கத்தினார். கத்தியது தன் காதிலேயே விழுந்து, சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு மகளிடம், “வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?” என்று கேட்டார். மருமகள் அடுக்களைக்குள் போய்விட்டாள். எனக்கும் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. என் உத்தியோகத்தால் ஒருவருக்கு நல்லது நடந்தது என்று நான் சந்தோஷப்பட்டது இதுவே முதல் தடவை.

இருந்தாலும் எனக்கு விதியை மீறிப் பழக்கமில்லை. நாளைக்கு ஆபரேஷன். மாவீரனோ செத்தும் சாகாமலும் பாதாளத்து வரிசையில் நிற்கிறான். ஆகவே விதி நாற்பத்தேழைத் தளர்த்தி, மேற்படியானுக்குச் செவ்வாய் முதல் முன்தேதியிட்டு உயிர் வழங்க அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விண்ணப்பம் மூன்று நகல்கள் இணைத்துள்ளேன். குறை இருந்தால் திருப்பி அனுப்புங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

தங்கள் குடும்பம் தழைக்கவும், தங்கள் அடுத்த நூலில் நாலு பேராவது பிழைக்கவும் வாழ்த்தும்,
மூன்றாம் எண் கவுண்டர் (ஓய்வு)

பி.கு.: பதற்றத்தில் இதைத் தபாலில் போடவே மறந்துவிட்டேன். ஒரு வாரம் ஓடிவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, நேற்றுச் சம்பந்தியைப் பொது வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மாவீரனுக்கு உயிர் கேட்டு எழுதியிருப்பதைச் சொன்னேன். “வேண்டாம் சம்பந்தி, அவன் அங்கயே இருக்கட்டும். உங்க பக்கத்துலயே ஒரு கவுண்டர் போட்டுக் குடுங்க” என்றார். பிறகு பக்கத்துக் கட்டிலைக் கண்ணால் காட்டி, குரலைத் தாழ்த்தினார். “அவருக்கு நாளைக்கு ஆபரேஷன். பயந்து போயிருக்காரு. சாயங்காலம் பகடையோட வாங்க, ரெண்டு பேருமா அவரைத் திருப்பி அனுப்பிடலாம்.” எனவே மேற்கண்ட விண்ணப்பத்தைத் தயவுசெய்து நிராகரிக்கவும்.