புஷ்கரன் யாரிடமும் கேட்கவில்லை

சேரிக்கடவு புது பஸ் ஸ்டாண்டின் பெரிய பலகை மணி நாலு பத்து என்று காட்டிக்கொண்டிருந்தபோது, ஊரில் மற்ற எல்லாருடைய கடிகாரத்திலும் காலை ஒன்பது நாற்பது. பலகையைப் பொறுத்தவரை இன்னும் விடியவில்லை. அடுத்த பஸ் நாலு பதினைந்துக்கு, கண்ணூர். அந்த பஸ் கண்ணூருக்குப் போய், டிரைவர் புட்டும் கடலைக் கறியும் சாப்பிட்டு, திரும்பியும் கிளம்பியாகிவிட்டது.

இதைச் சரிசெய்ய வேண்டிய புஷ்கரன் நாலு கிலோமீட்டர் தள்ளி, பலகையை மாட்டிய கம்பெனியின் அலுவலகத்தில், சன்னலோர மேசையில் இருந்தார். எதிரே கறுப்புத் திரை. அதில் கட்டளையைத் தட்டினால் பஸ் ஸ்டாண்டில் பலகையோடு பிணைத்திருக்கும் கணினி அதைச் செய்யும். ஆள் இங்கே, வேலை அங்கே. அதுதான் ஏற்பாடு. பத்தொன்பது வருஷ அனுபவத்துக்கு இதெல்லாம் தூசு என்று அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார்.

மூன்று மேசை தள்ளி ஜஸீலா இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவாள். ஆனால் கேட்க முடியாது. காரணம் வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முதலாளி வர்க்கிச்சன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "பஸ் ஸ்டாண்டு இனிமே ஒரே ஆள் பொறுப்பு. யாருன்னு திங்கக்கிழமை திறப்பு விழா முடிஞ்சதும் சொல்றேன்" என்றார்.

"புஷ்கரேட்டனே பாக்கட்டும்" என்றாள் ஜஸீலா, மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே. "சந்தேகம் வந்தா என்னைக் கேட்டாப் போதும்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. புஷ்கரனுக்கு இருந்தது.

"இங்க பாரு மோளே. உன்கிட்ட நான் ஒரே ஒரு சந்தேகம் கேட்டேன்னா, அந்த நிமிஷமே ஸ்டாண்டை நீ எடுத்துக்கோ. வர்க்கிச்சன் சாட்சி."

வர்க்கிச்சன் வாய் நிறையச் சோறோடு தலையை ஆட்டிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டு என்பது புஷ்கரனுக்கு வெறும் வேலை இல்லை. பழைய ஸ்டாண்டில் முதல் ஒலிபெருக்கியை ஏணி வைத்து ஏறிக் கட்டியவர் அவர். அன்றிலிருந்து ஊருக்கு அவர் 'ஸ்டாண்டு புஷ்கரன்'. அந்த ஊரில் இன்னும் இரண்டு புஷ்கரன்கள் உண்டு. ஒருவர் பாம்பு பிடிப்பவர், மற்றவர் கல்யாண வீடுகளில் பாயசம் கிண்டுபவர். ஸ்டாண்டு போய்விட்டால் இவர் என்ன புஷ்கரன்? வாசலில் பாம்பு வந்தால் இவரை அல்லவா கூப்பிடுவார்கள்.

பதினோரு மணிக்கு நகரசபைத் துணைத்தலைவி வந்து பலகையைத் திறந்துவைக்கிறார். இனி ஒரு மணி நேரமும் சொச்சமும்.

புஷ்கரன் முதலில் கடிகாரத்தைக் கையால் ஐந்தரை மணி நேரம் முன்னே தள்ளினார். சரியாயிற்று. டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். கோப்பையைக் கீழே வைப்பதற்குள் அது தானாகவே பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

"ஓஹோ, எனக்கேவா" என்றார் திரையைப் பார்த்து.

மறுபடி தள்ளினார். மறுபடி திரும்பியது. மூன்றாம் முறை வந்த கோபத்தில் முன்னே தள்ளுவதற்குப் பதில் பின்னே தள்ளிவிட்டார். பலகை நேற்றிரவுக்குப் போயிற்று. 'இன்றைய சேவைகள் முடிந்தன, நன்றி' என்று ஒலிபெருக்கி வேறு அறிவித்தது. இரண்டு கல்யாணக் கோஷ்டிகள் ஆட்டோ பிடிக்க ஓடியதாகப் பிற்பாடு கேள்வி.

சரி, இனி கையேட்டைப் பார்ப்பது என்று முடிவு செய்தார். இதில் ஒரு சங்கடம். கையேட்டை எழுதியவளும் ஜஸீலாதான். கறுப்புத் திரையில் 'ஹெல்ப்' என்று தட்டிப் பக்கத்தில் விஷயத்தின் பெயரைப் போட்டால் போதும், உலாவியில் அந்தப் பக்கம் திறந்துகொள்ளும். எல்லாம் பச்சை மலையாளத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்குகிற மாதிரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'இன்னும் புரியவில்லையா? இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்' என்று அலுவலகத் தொலைபேசி எண். அந்தத் தொலைபேசி இருப்பது புஷ்கரனின் மேசையில். அதற்காகவே அவர் அவளோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தார். ஆனால் ஒரு வருஷத்தில் யாருமே கூப்பிடவில்லை.

கையேடு வேறு, ஆள் வேறு என்று புஷ்கரன் தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். படிப்பது கேட்பதாகாது. ஜஸீலா பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சத்தம் வராமல் தட்டினார்: ஹெல்ப், நேரம்.

'உதவிப் பக்கம் உலாவியில் திறக்கப்பட்டது' என்றது கறுப்புத் திரை.

எங்கே திறந்தது? உலாவியில் அவர் காலையில் படித்த ராசிபலன்தான் இருந்தது.

மறுபடி தட்டினார். திறக்கப்பட்டது என்றது. இன்னொரு தடவை. திறக்கப்பட்டது.

"நீ சொன்னா நான் நம்பிடணுமா?"

ராசிபலனை மூடினார். உலாவியை மூடித் திறந்தார். வேறொரு உலாவியை இறக்கினார். தன் கணினியையே அணைத்துப் போட்டார். ஒவ்வொன்றுக்கும் பிறகு இரண்டு ஹெல்ப். ஒவ்வொரு ஹெல்ப்புக்கும் அதே பதில், அதே வெறுந்திரை.

அப்போதுதான் மேசைத் தொலைபேசி அடித்தது. புஷ்கரன் நாற்காலியோடு குலுங்கினார்.

"சாரே, ஸ்டாண்டுல சாயாக்கடை குஞ்ஞாமினா பேசுறேன். போர்டு விஷயமா..."

"தெரியும் இத்தா. அதைத்தான் பாத்துட்டிருக்கேன்." வைத்துவிட்டார். இந்த நம்பரை யார் கொடுத்துத் தொலைத்தார்களோ.

இன்னும் நாலு ஹெல்ப் தட்டினார். மறுபடி அடித்தது.

"சாரே, அந்த மூணாவது வரியைக் கொஞ்சம் பாருங்க..."

"எல்லா வரியும் தப்பாத்தான் இருக்கும். நேரமே தப்பு. மூணாவது வரிக்கு மட்டும் என்ன தனி மரியாதை?" வைத்துவிட்டார்.

ஜஸீலா எழுந்து வந்தாள். புஷ்கரன் சட்டென்று ராசிபலனைத் திறந்து திரையை மறைத்தார்.

"புஷ்கரேட்டா, ஏதாவது வேணுமா?"

"வேணும். கொஞ்சம் காத்து. தள்ளி நில்லு."

"இல்ல, ஹெல்ப் பக்கத்துல ஒருதரம்..."

"நீ எழுதினதைப் படிச்சு நான் வேலை செய்யற நிலைமை இன்னும் வரல, மோளே."

"உங்க இஷ்டம். கன்னி ராசிக்கு இன்னிக்கு வாக்குவாதம் வேண்டாம்னு போட்டிருக்கு." திரையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவள் உட்காரும் வரை பொறுத்திருந்து புஷ்கரன் யோசித்தார். பக்கம் திறக்கத்தான் செய்கிறது. ஒருவேளை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிசாகத் திறக்கிறதோ? கட்டளையோடு 'பெரிது' என்று சேர்த்தால் எழுத்து பெரிதாகும் என்று எப்போதோ காதில் விழுந்திருந்தது. சேர்த்தார். இன்னும் பெரிது. ஆகப் பெரிது.

தொலைபேசி.

"இப்ப நல்லாத் தெரியுது சாரே, கண்ணாடியே வேண்டாம். ஆனா..."

"கிண்டலா? நான் இங்க உயிரை விட்டுட்டிருக்கேன், கண்ணாடி வேண்டாமாம்." வைத்தார், கொஞ்சம் பலமாகவே.

பார்க்க முடியாவிட்டால் கேட்கலாமே. பக்கத்தை வாசித்துக் காட்டும் வசதியும் அந்தக் கையேட்டில் உண்டு. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு 'வாசி' என்று சேர்த்துத் தட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டும் கட்டளை அவருக்கு மனப்பாடம், ஒலிபெருக்கிக்காரர் அல்லவா. கூட்டினார். பாதி, முக்கால், முழுசு. காதில் தன் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

மேசை அதிர்ந்தது. காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு எடுத்தார். அந்தப் பக்கம் ஒரே ஆரவாரம். அதற்கும் மேலே ஒரு பெண் குரல், கோயில் திருவிழா மைக் மாதிரி, 'முதலில் பதறாதீர்கள்' என்று யாருக்கோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கேயோ கேட்ட குரல். நிமிர்ந்து பார்த்தார். ஜஸீலா வாயில் பழம்பொரியை வைத்துக்கொண்டு அமைதியாக இருந்தாள்.

"சாரே, சத்தம் கொஞ்சம்..." என்றாள் குஞ்ஞாமினா.

"ஆமா, எல்லாரும் சத்தம் போடுங்க. எனக்கு இருக்கறது ரெண்டே கை." இம்முறை ரிசீவரை எடுத்து மேசையிலேயே மல்லாக்கப் போட்டுவிட்டார். பிறகு அந்த இரண்டு கையாலும் விடாமல் தட்டினார். நேரம், கடிகாரம், பலகை, மறுபடி நேரம். தலைமுடி நாலாபுறமும் நின்றது. கேட்டுவிடேன் என்று மனசுக்குள் ஏதோ ஒன்று ஜஸீலாவின் பக்கம் கையைக் காட்டியது. பாம்பு பிடிக்கும் புஷ்கரனை நினைத்துக்கொண்டார். மாட்டேன்.

பத்து ஐம்பதுக்குக் கைப்பேசியில் வர்க்கிச்சன்.

"துணைத்தலைவியோட வண்டியில ஏறிட்டேன். பத்து நிமிஷம். எல்லாம் ரெடிதானே?"

"ரெடி."

"ஆபீஸ் போன் ஏன்டா எப்பவும் பிஸியா இருக்கு? அதை வெச்சுத் தொலை."

வைத்தார். வைத்த கை எடுக்குமுன் அடித்தது.

"வெக்காதீங்க சாரே, படச்சவன் பேரால வெக்காதீங்க" என்றாள் குஞ்ஞாமினா ஒரே மூச்சில். "நான் சொல்றதை அப்படியே தட்டுங்க. கடிகாரத்தை நீங்க தள்ளக் கூடாது. அது எந்த நாட்டு நேரத்துல ஓடணும்னு மட்டும் சொல்லணும். இப்ப அது சீமை நேரத்துல ஓடுது."

புஷ்கரன் மூக்கு விடைத்தது. பத்தொன்பது வருஷம். சாயாக்கடை. ஆனால் ஒன்று, இவள் ஜஸீலா இல்லை. சபதத்தில் சாயாக்கடையைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது.

தொலைபேசியின் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் விசைப்பலகையில் வைத்தார். அவள் எழுத்தெழுத்தாகச் சொன்னாள். அவர் தட்டினார்.

"அப்புறம் ஆசியா. சாய்ஞ்ச கோடு. கொல்கத்தா."

"கொல்கத்தாவா? நம்ம பஸ்ஸு கண்ணூர் தாண்டாது இத்தா."

"எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. இந்தியா முழுக்க அதுதானாம் சாரே. தட்டுங்க."

தட்டினார். அலுவலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஜஸீலா பழம்பொரியைக் கீழே வைத்துவிட்டாள்.

"வந்திருச்சு" என்றது ஸ்பீக்கர். "உச்சியில கடிகாரம் பத்து அம்பத்தாறு. சரியா என் வாட்ச் மாதிரி." அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது. ஒன்றிரண்டு பேர் இல்லை, ஒரு ஸ்டாண்டே தட்டியது.

புஷ்கரன் எழுந்து நின்றார். தலைமுடியைத் தடவிப் படியவைத்தார். வேண்டுமென்றே மூன்று மேசை தாண்டிக் கேட்கிற குரலில் சொன்னார்:

"பாத்துக்கோங்க எல்லாரும். காலையிலேருந்து இந்த புஷ்கரன் யார்கிட்டயும் போய் ஒரு உதவி கேக்கல. ஒரே ஒரு ஆள்கிட்டக்கூடக் கேக்கல."

ஜஸீலா பழம்பொரியை மறுபடி கையில் எடுத்தாள். ஸ்டாண்டு இனி புஷ்கரேட்டனுக்குத்தான் என்று அவளே நினைத்தாள்.

"சாரே" என்றது ஸ்பீக்கர். "துணைத்தலைவி வர்றதுக்குள்ள அந்தப் பக்கத்தையெல்லாம் மூடிருங்க. பஸ் நேரமெல்லாம் அதுக்கு அடியில கிடக்கு."

"எந்தப் பக்கம்?"

"அதான், போர்டு பூரா உதவி உதவின்னு ஒண்ணு மேல ஒண்ணா இருபத்தாறு தடவை திறந்தீங்களே, கடைசியில மைக்குலயும் படிச்சீங்களே, அது."

புஷ்கரன் மெதுவாக உட்கார்ந்தார். ஆள் இங்கே, வேலை அங்கே.

"அப்போ நீங்க," ஸ்பீக்கரை நோக்கிக் குனிந்தார், "நீங்க காலையிலேருந்து புகார் சொல்லக் கூப்பிடலையா?"

"எதுக்குப் புகார்? அடியில 'இன்னும் புரியவில்லையா'ன்னு கேட்டு நம்பர் போட்டிருந்துச்சு. இங்க ஸ்டாண்டுல எல்லாருக்கும் ரெண்டாந்தடவையே புரிஞ்சிருச்சு, புரியாத ஒரே ஆளு அங்கதானே உக்காந்திருக்குன்னு கூப்பிட்டேன் சாரே."