மெல்ரொனின் மணிக்கூடு

"நான் பல்லுக் கடிக்கிறேல்லையெண்டு எத்தினை தரம் சொல்—"

"கடிக்கிறேல்லையோ? அரிசி மில்லுக்குள்ளை படுக்கிற மாதிரிக் கிடக்கு! அதுவும் விடியப்புறம் வர வர—"

"அது உன்ரை கனவு!"

"அப்ப அந்தக் கடைவாய்ப்பல்லைத் தேய்ச்சது ஆர்? நானோ?"

அல்பேர்ட் நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தான். முல்லைத்தீவுக் கடலில் இருபது வருடம் வலை இழுத்தவன், பெண்சாதிக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்தான்.

வயிற்றுப் பூச்சிதான் காரணம் என்று முடிவுகட்டிய யூலிற்றா, பப்பாசி விதையை அரைத்துப் புருசனுக்குப் பருக்கினாள். அன்று அவன் கடலுக்குப் போகவில்லை. பற்றை மறைவுக்குத்தான் போனான், ஏழு தரம்.

மறுநாள் பழஞ்சாரத்தைக் கிழித்து மடித்துப் பல்லுக்கிடையில் வைத்துப் படுக்கவிட்டாள். விடிந்தபோது துணி கந்தல். தாடை வீங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் பல் டொக்டர் இராசேஸ்வரி டோர்ச் இல்லாமல், யன்னல் வெளிச்சத்தில் வாயைப் பார்த்தாள்.

"பல்லு வெடிக்கப் பாக்குது. வெடிச்சால் பிடுங்கோணும்."

"இப்பவே பிடுங்குங்கோ டொக்டர்."

"விறைப்பூசி இல்லை. சண்டையாலை அரசாங்கம் மருந்துக்கும் தடை போட்டிருக்குதானே. சும்மாதான் பிடுங்கோணும்."

அல்பேர்ட் வாயை மூடிக்கொண்டான்.

"பல்லுக்குப் போடுற உறையும் கொழும்பிலையிருந்து வராது. பூச்சி கீச்சி ஒண்டுமில்லை. மனம் இறுகினால் தாடையும் இறுகும். படுக்கேக்கை என்ன யோசிக்கிறனீங்கள்?"

இதுவரை அவனிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

"மூண்டு மணிக்கு எழும்போணும் எண்டுதான். பற்றறியும் தடை, வீட்டு மணிக்கூடு நிண்டு ரெண்டு வருசம். பிந்தினால் மீனில்லை."

"எழுப்ப ஒருத்தரும் இல்லையோ?"

"மெல்ரொன் இருக்கிறான்!" யூலிற்றா குறுக்கே பாய்ந்தாள். "பக்கத்து வீடு. நடுவிலை ஒரு ஓலைக் கிடுகு மறைப்புத்தான். மணிக்கூடுமில்லை, சேவலுமில்லை, கடலுக்கு ஒருநாளும் பிந்தினதில்லை. ஆண்டவர் அவன்ரை தலைக்குள்ளை மணிக்கூடு வைச்சிருக்கிறார், டொக்டர்!"

"பிறகென்ன? எழுப்பிற பொறுப்பை அவரிட்டைக் குடுங்கோ. பகலிலையும் உதடு மூடியிருக்கட்டும், பல்லு முட்டக்கூடாது. நிம்மதியாப் படுங்கோ."

"மருந்தில்லாமலே மருந்து சொல்லுறா! என்ன மூளை!" என்று யூலிற்றா வீடு வரும்வரை வியந்தாள்.

எழுப்பிவிடச் சொல்லிக் கேட்டதும் மெல்ரொனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "உங்களுக்குச் செய்யாமலோ அண்ணை? நீங்கள் படுங்கோ. நான் எழுப்பிறன்."

டொக்டர் சொன்னது அப்படியே பலித்தது. அல்பேர்ட் குழந்தையைப் போலத் தூங்கினான். யூலிற்றாவும் தூங்கினாள். கண் விழித்தபோது வெயில் குசினி அடுப்புவரை வந்திருந்தது. கரைக்கு ஓடினார்கள். ஊர் வள்ளங்கள் மீனோடு திரும்பிக்கொண்டிருந்தன. மணலில் கிடந்தவை இரண்டே இரண்டு: அல்பேர்ட்டினது, மெல்ரொனது.

மெல்ரொன் சாரத்தை ஒரு கையால் பிடித்தபடி, கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"எங்கையடா உன்ரை மணிக்கூடு?" என்று சீறினான் அல்பேர்ட்.

"அதை நானெல்லோ கேக்கோணும் அண்ணை! ராத்திரி ஏன் பல்லுக் கடிக்கேல்லை? அந்தச் சத்தத்துக்குத்தானே நான் ஒவ்வொரு நாளும் எழும்பிறனான்!"