அம்மைக்குப் பின் ஒரு புள்ளி

"ஒழிந்துபோன நோய்க்கு ஆராய்ச்சி நிதி கேட்டது ஏன்? உடனே விளக்கம் தருக."

தலைமை அலுவலகத்துக் கடிதத்தைப் படித்ததும் திருத்தணி சுகாதார ஆய்வாளர் யோபு, தாம் அனுப்பிய மனுவின் நகலைத் தேடி எடுத்தார். அவர் கேட்டது மூளைக்காய்ச்சலுக்கு. அம்மையார்குப்பத்தில் அந்த மழைக்காலத்தில் மூன்று பிள்ளைகள் வலிப்பு வந்து செத்திருந்தன. என்ன கிருமி, எப்படிப் பரவுகிறது என்று யாராவது வந்து ஆராய்ந்தால்தான் மற்ற பிள்ளைகள் பிழைக்கும்.

உறைமேல் விஷயத்தைச் சுருக்கி எழுதுவது விதி. ஊர்ப்பெயரோ நீளம். பதிவேட்டில் அதைச் சுருக்கிப் புள்ளி வைத்து எழுதும் பழக்கத்தில், "அம்மை. காய்ச்சல்" என்று எழுதித் தொலைத்தார் மனிதர். மேலே அதை அம்மைக் காய்ச்சல் என்றே படித்துவிட்டார்கள்; பெரியம்மை நாட்டைவிட்டே போய்விட்டிருந்த வருஷம் அது. உள்ளே ஆறு பக்கம் விவரம் இருந்தது, பிரித்தவர்தான் யாருமில்லை.

"தந்தி குடுத்துடுங்க சார்," என்றாள் நர்ஸ் பிரேமகுமாரி.

மூன்று சாவும் அம்மையால் இல்லை என்று தந்தி அடித்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காயிற்று. ஆள் அம்மையை மறைக்கிறான் என்று மேலே முடிவுகட்டி, மறுநாளே ஜீப்பை அனுப்பிவிட்டார்கள்.

வந்த அதிகாரி அந்த நெசவாளர் ஊரில் தறிகளை நிறுத்தச் சொல்லி, ஒவ்வொரு கையாகத் திருப்பிப் பார்த்தார். ஒரு கொப்புளம் இல்லை.

வரலட்சுமி மகள் காஞ்சனாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். போன மாதம் மூத்தவனைப் பறிகொடுத்தவள்.

"உடம்பு அனலா கொதிக்குதுங்க. அவனுக்கும் இப்படித்தான் வந்துச்சு. இவளையாவது காப்பாத்துங்க!"

"கொப்புளம் இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப எங்க நிதித் தலைப்புல வராதும்மா. எங்களுக்குப் பணம் அம்மைக்கு மட்டும்தான்."

"சார், இதுக்குத்தான் ஆராய்ச்சி கேட்டேன்," என்றார் யோபு.

"மூளைக்காய்ச்சலுக்கு நிதித் தலைப்பே கெடையாதுய்யா. பட்டணத்துல நாலு பேர் சாகணும், சட்டசபையில கேள்வி வரணும். அப்புறம்தான் தலைப்பு." சொல்லிவிட்டு, 'அம்மையற்ற கிராமம்' என்று சான்றிதழ் எழுதி நீட்டினார்.

ஜீப் ஓட்டுநர் ஆனந்தன் யாரையும் கேட்கவில்லை. தாயையும் பிள்ளையையும் பின்சீட்டில் ஏற்றினான். "போற வழியில ஆஸ்பத்திரிலே எறக்கிடலாம்." அதிகாரி முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

யோபு ஜீப் அருகே வந்தார். "கர்த்தரே, ஒரு புள்ளியால ஊரையே கெடுத்துட்டேனே!"

ஆனந்தன் கதவைச் சாத்தினான்.

"இன்னா சார் நீங்க, அந்தப் புள்ளியாலதான் ஜீப்பே வந்துச்சு. மூளைக்காய்ச்சல்னு திருத்தமா எழுதின கவருங்க ரெண்டு மூட்டை எங்க ஆபீஸ்ல எலி கடிச்சுகினு கெடக்குது."