கொம்பில்லாத காண்டாமிருகமும் பல் மருத்துவர் வீட்டுச் சுவரும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்களும் என் தங்கையும் நலமாக இருக்க வேண்டும். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் நலம்.

"கொம்பே இல்லாத காண்டாமிருகம் இருந்திருக்குமா மச்சான்?" என்று இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் சாப்பாட்டு மேசையில் கேட்டீர்கள். "தும்பிக்கை இல்லாத யானையோட சேர்ந்து மேஞ்சிருக்கும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதற்குப் பிறகு தங்கை மட்டும்தான் வந்து போகிறாள்.

மாப்பிள்ளை, இருந்திருக்கிறது! போன மாதம்தான் நூலகத்தில் படித்தேன். இரண்டு கோடி வருடங்களுக்கு முன்பே அழிந்துவிட்டதாம். தோள் உயரமே பதினாறு அடி. மர உச்சியில் இலை பறித்துத் தின்னுமாம். பல்லையும் எலும்பையும் வைத்துத்தான் காண்டாமிருகத்துக்கு உறவென்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

எதையும் உதாரணம் காட்டிச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி. அதனால் நம் வீட்டுத் தெருப்பக்கச் சுவரில் அதை முழு அளவில் வரைய ஒரு பெயிண்டரை அழைத்தேன், வாலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னது என் தப்பு, கழுத்து வரும்போது சுவர் தீர்ந்துபோய்த் தலை பக்கத்து வீட்டுப் பல் மருத்துவர் சுவரில் போய் உட்கார்ந்தது, அவர் ஓடி வந்தார், திட்டப் போகிறார் என்று பயந்தால், "வரைஞ்சதுதான் வரைஞ்சீங்க, பல்லு தெரியற மாதிரி வரையக் கூடாதா சார்?" என்கிறார், சரியென்று பெயிண்டரைப் பல் வரையச் சொல்லிவிட்டு உள்ளே போய்த் தேநீர் போட்டு எடுத்து வருவதற்குள் மூக்கின்மேல் மூன்றடிக் கொம்பு!

"நீங்க மறந்துட்டீங்க சார், நானே போட்டுட்டேன்."

"இதுக்குக் கொம்பு கிடையாதுப்பா."

"கொம்பில்லாத காண்டாமிருகமா!" ஏணி ஆட ஆடச் சிரித்தார். மருத்துவர் சிரித்தார். வாயில் பஞ்சோடு வெளியே வந்த நோயாளியும் சிரித்தார். நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உங்கள் தட்டு ஞாபகம் வந்தது.

"இன்னொரு ஆள் சொல்லட்டும், உடனே அழிச்சிடறேன்" என்கிறார் பெயிண்டர். அந்த இன்னொரு ஆளுக்கு நான் எங்கே போவேன்?

இருவரும் நீண்ட நாள் நன்றாக இருங்கள்.

உங்கள் மச்சான்

பின்குறிப்பு: போன மாதம் படித்தேன் என்று மேலே எழுதியது பொய். நீங்கள் கேட்டதற்கு மறுநாள் காலையே படித்துவிட்டேன். ஒப்புக்கொள்ளத்தான் இரண்டு வருடம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை பெயிண்டர் வருகிறார். பதிலை நான் சொல்லிக்கொள்கிறேன்; நீங்கள் வந்து ஏணிக்குக் கீழே நின்று, அன்று கேட்ட அதே கேள்வியைத் தெருவுக்கே கேட்கும்படி என்னிடம் கேளுங்கள்.