எங்கள் வகுப்புத் தகப்பனார்

கிள்ளானில் நான் ஜூனியர் வகுப்பு படித்த வருடம், எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பையன்களில் பாதிப் பேருக்கு ஒரே தகப்பனார்தான். அந்தத் தகப்பனாரும் எங்களோடு அதே வகுப்பில்தான் படித்தார்.

இதை விளக்கிச் சொல்லாவிட்டால் நீங்கள் கிள்ளானைப் பற்றித் தவறாக நினைத்துவிடுவீர்கள்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. காலையில் பெயர் கூப்பிடும்போது மட்டும் அது காதில் விழும். மற்ற நேரமெல்லாம் முதுகுக்குப் பின்னால் தகப்பனார், நேரில் அண்ணே. பள்ளியிலேயே மீசை வைத்திருந்த ஒரே மாணவர் அவர். காப்பார் ரோட்டுப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், இங்கிலீஷ் படித்துத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாகிவிட வேண்டும் என்று புறப்பட்டு வந்திருந்தார். இந்தியாவில் பிறந்தவர் என்பதால் பிறந்த தேதிக்குச் சான்று கிடையாது. மாமா ஒருவர் கோர்ட்டில் சத்தியம் செய்து சொன்ன வயதுதான் வயது. அந்த வயதின்படி அவர் எனக்கு இளையவர்.

புதிதாக வந்த பூகோள மாஸ்டர் முதல் நாள் வகுப்பில் நுழைந்ததும் இவரைப் பார்த்துத் திகைத்து நின்றார். இன்ஸ்பெக்டர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து, "குட்மார்னிங் சார்" என்றார். இவரும் மரியாதையாக எழுந்து, "குட்மார்னிங் சார்" என்றார். மற்றவர் முதலில் உட்காரட்டும் என்று இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள். அன்று பூகோளம் நடக்கவில்லை.

பாசாருக்குப் பின்னால் ஒரு டோபிக் கடையில் அவர் தங்கியிருந்தார். விடியற்காலையில் எழுந்து துணி தேய்த்துக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவார். அதற்குப் பதில் சோறும் படுக்க இடமும். சனிக்கிழமையானால் தோட்டத்திலிருக்கும் பெரியம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பிவிடுவார். மழையோ வெள்ளமோ, போகாமல் இருந்ததில்லை. ஒரு மனிதனுக்குப் பெரியம்மாமேல் இவ்வளவு பாசம் இருக்க முடியுமா என்று நாங்கள் பேசிக்கொண்டதுண்டு.

அவரை முதன்முதலில் தகப்பனாராக்கியவன் நான்.

ஒரு நாள் பள்ளிக்குப் போகாமல் போர்ட் சுவெட்டன்ஹாமுக்குக் கப்பல் பார்க்கப் போய்விட்டேன். மறுநாள் வயிற்றுவலி என்றேன். ஹெட்மாஸ்டர் ஒரு வெள்ளைக்காரர். அந்த வருடம்தான் சீமையிலிருந்து வந்து இறங்கியிருந்தார். நெட்டையான, அதிகம் பேசாத மனிதர். "நாளைக்கு உன் தகப்பனாரைக் கூட்டி வா" என்று மட்டும் சொன்னார். என் அப்பாவுக்கு ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை. வீட்டிலும் அவர் அதே பலத்தோடுதான் கையை ஓங்குவார். அழாத குறையாக நான் அண்ணனிடம் போய் நின்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "கடையில ஒரு கோட்டு வெளுத்து வந்திருக்கு. பாப்போம்" என்றார்.

தமிழ்ப் பெற்றோர்கள் வந்தால் மொழிபெயர்க்க ஹெட்மாஸ்டர் என்னைத்தான் கூப்பிடுவது வழக்கம். ஆகவே என் வழக்குக்கும் நானே துபாஷ். கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக அண்ணன் உள்ளே வந்து கைகட்டி நின்றபோது எனக்கே எழுந்து வணக்கம் சொல்லத் தோன்றியது.

"உங்கள் மகன் பொய் சொல்கிறான் என்று சொல்" என்றார் ஹெட்மாஸ்டர் இங்கிலீஷில்.

"நான் பொய் சொல்றேனாம்" என்றேன்.

"பின்ன என்ன, உண்மையா பேசப்போறான்? இவனுக்குக் கொழுப்பு தம்பி. ரெண்டு போடச் சொல்லு" என்றார் அண்ணன்.

என் தந்தை மிகவும் வருந்துகிறார் என்று நான் மொழிபெயர்த்தேன்.

"ரெண்டு போடச் சொன்னேனே, அதச் சொன்னியா?"

அவரும் எங்கள் வகுப்பில்தான் இங்கிலீஷ் படிக்கிறார் என்பதை நான் மறந்திருந்தேன். சொன்னேன். ரெண்டு விழுந்தது.

விஷயம் பரவிவிட்டது. தோட்டத்துப் பையன்களின் அப்பாக்கள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வர முடியாது. வந்தாலும் வெள்ளைக்காரத் துரை முன்னால் வாய் வராது. பையன்கள் வரிசையாக அண்ணனிடம் வந்தார்கள். அவரும் மறுக்கவில்லை. சின்னப்பனுக்குத் தகப்பனார், வேலாயுதத்துக்குத் தகப்பனார், தெலுங்குப் பையன் ஒருவனுக்கும் தகப்பனார். அந்தந்த வாரம் டோபிக் கடைக்கு எந்தக் கோட்டு வந்ததோ அந்தக் கோட்டு. ஒருவனிடமும் எதுவும் வாங்கமாட்டார். ஆனால் தகப்பனார் வேலையை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹெட்மாஸ்டர் அறையில் பையனைத் திட்டித் தீர்ப்பதோடு விடாமல், மறுநாளிலிருந்து அவன் வீட்டுப்பாடத்தை வாங்கிப் பார்ப்பார். "என் பேரக் கெடுக்கப் பாக்குறியா" என்று கேட்பார். எது அவர் பெயர் என்று கேட்க எங்களுக்குத் தைரியம் கிடையாது. வேலாயுதம் ஒரு தடவை நொந்துபோய், "எங்கப்பாவே தேவலாம்லா" என்றான்.

எங்கள் வகுப்பு மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு நாள் வராந்தாவில் அவர் எதிரே வந்தபோது, தன்னுடைய சாம்பல் நிறக் கோட்டு தன்னைக் கடந்து போவதைப் பார்த்தார். சலவைக்குப் போட்ட கோட்டு. அதற்குள்ளே தன் மாணவர். நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உமக்கு இந்த மாசம் எத்தினை பிள்ளையள்?" என்று மாஸ்டர் கேட்டார்.

அண்ணன் தலைகுனிந்து நின்றார்.

"போறது போறீர், கோட்டு கசங்காமல் பாத்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் வகுப்புக்குள் வந்து பாடத்தைத் தொடங்கினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அது ரப்பர் விலை விழுந்துகொண்டிருந்த காலம். தோட்டம் தோட்டமாக ஆட்களை நிறுத்தினார்கள். நிறுத்தப்பட்டவர்களைக் குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கித் துறைமுகத்துக்கு வண்டி மாறும் ஜனங்களை, தகரப் பெட்டியும் பாயும் சேவலுமாக, எங்கள் ரயில்வே வீட்டிலிருந்து தினமும் பார்க்கலாம். என் அம்மா கொஞ்சநாள் வாளியில் தண்ணீர் எடுத்துப் போய்க் கொடுத்தாள். பிறகு பார்க்க முடியவில்லை என்று அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

சீமையிலிருந்து தாள் வரும் ஜூனியர் பரீட்சை நெருங்கிவிட்டது. ஒரு நாள் பூகோள வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் ஒரு சின்னப் பெண் வந்து நின்றாள். மூன்று வயதிருக்கும். காலெல்லாம் புழுதி. வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தாள். நேராக எங்கள் வரிசைக்கு நடந்து வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, தண்ணி" என்றாள்.

வகுப்பு சிரித்தது. அவரை யார்தான் அப்பா என்று சொல்லவில்லை. ஆனால் அவர் சிரிக்கவில்லை. குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். வெளியே மழைமரத்தடியில் ஒரு பெண் தகரப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். சனிக்கிழமைதோறும் அவர் பார்க்கப் போன பெரியம்மா யார் என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது.

சத்தம் கேட்டு ஹெட்மாஸ்டர் வந்துவிட்டார். "யாருடைய குழந்தை இது?"

தங்கை என்று சொல்லியிருக்கலாம். அக்காள் மகள் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் அத்தனை பேருக்காகவும் வாய் கூசாமல் பொய் சொன்னவர் அவர். குழந்தை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் எழுந்து நின்று, "மை டாட்டர், சார்" என்றார்.

கல்யாணமானவர்களைப் பள்ளியில் வைத்துக்கொள்வதில்லை என்பது விதி. பரீட்சைக்குப் பள்ளிதான் பெயர் அனுப்ப வேண்டும். பள்ளியை விட்டு நீக்கினால் பரீட்சையும் போயிற்று.  ஹெட்மாஸ்டர், பழக்கத்தாலோ என்னவோ, "நாளைக்கு உன் தகப்பனாரைக் கூட்டி வா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மழைமரத்தடியில் அவர் மனைவி சொன்னதையும் கேட்டோம். "தோட்டத்த மூடிட்டாங்க. லயத்துல இருக்கக் கூடாதாம், வீட்டப் பூட்டிட்டாங்க. எங்கப்பாவும் அம்மாவும் கப்பலுக்குப் பேரு குடுத்துட்டாங்க. நம்ம பேரையும் எழுதவான்னு கிராணி கேட்டாரு. உங்களக் கேட்டுச் சொல்றேன்னுட்டு வந்தேன்." அழவில்லை. பதிலுக்காகக் காத்து நின்றாள். 

அண்ணனுடைய அப்பா எப்போதோ இறந்துபோயிருந்தார். சத்தியம் செய்த மாமா எங்கேயோ. "எங்கப்பாவ வரச் சொல்றேன் அண்ணே" என்றேன். சொன்னபோது பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "எல்லாருக்கும் போனவன், எனக்குப் போகமாட்டனா? நானே வரேன்" என்றார்.

மறுநாள் காலை ஹெட்மாஸ்டர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். டோபிக்காரர் கொடுத்த பழுப்புக் கோட்டில், தலைப்பாகையோடு, தனக்குத் தானே தகப்பனாராக அவர் நின்றுகொண்டிருந்தார். ஹெட்மாஸ்டர் அவரை வெகுநேரம் பார்த்தார்.

"உட்காரச் சொல்" என்றார். அந்த அறையில் அதுவரை எந்தத் தமிழ்த் தகப்பனாருக்கும் நாற்காலி கிடைத்ததில்லை.

"உங்கள் மகன் பள்ளிக்கூடத்தை ஏமாற்றிவிட்டான். கல்யாணத்தை மறைத்திருக்கிறான்."

"ஆமாங்கன்னு சொல்லு தம்பி. அவன் செஞ்சது தப்புதான். சொல்லியிருந்தா சேத்திருக்க மாட்டாங்க, அதான் சொல்லல."

"இந்த வயதில் படிக்க வேண்டும் என்று அவனுக்கு என்ன வந்தது என்று கேள்."

கேட்டேன்.  அவர் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"தோட்டத்து ஆபீஸ் சுவத்துல இங்கிலீசுல ஒரு தாள் ஒட்டியிருந்தாங்க தம்பி. ஒருத்தருக்கும் படிக்கத் தெரியல. தீவாளி லீவா இருக்கும்னு எவனோ சொன்னான். எல்லாரும் சந்தோசமா வீட்டுக்குப் போனோம். எம்பொண்டாட்டி பலகாரத்துக்கு மாவு இடிச்சா. சம்பளத்தன்னிக்குத்தான் தெரிஞ்சுது, கூலியக் கொறைச்சிருக்காங்கன்னு. அன்னிக்கு எனக்கு அழுகை வரல, வெக்கமா இருந்துச்சு. கூலியக் கொறைச்சத விட, அதுக்குச் சந்தோசப்பட்டோமேன்னு இருந்துச்சு."

அவர் நான் என்றும் எனக்கு என்றும் சொன்ன இடங்களிலெல்லாம் நான் அவன் என்றும் அவனுக்கு என்றும் மாற்றி மொழிபெயர்த்தேன். 

"இப்ப நிறுத்திட்டீங்கன்னா, புள்ளையோட கப்பல் ஏறிடுவான். அங்க அவனுக்கு வீடும் இல்ல, நெலமும் இல்ல. பரீட்ச வரைக்கும் விட்டீங்கன்னா போதும். அதுக்கு மேல ஒண்ணும் கேக்கமாட்டான்."

ஹெட்மாஸ்டர் மேசையைப் பார்த்தபடி, "அவன் பாஸ் பண்ணுவான் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா?" என்று கேட்டார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் தகப்பனார் இங்கிலீஷில் பதில் சொல்லிவிட்டார்.

"ஜியாகிரபி, எஸ் சார். அரித்மெடிக், ஐ ஆம் டவுட்டிங்."

 நான் தரையைப் பார்த்தேன். அவர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வியர்த்திருந்தது.

ஹெட்மாஸ்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "தகப்பனாரிடம் சொல். இந்த வருடம் அவர் நிறையப் பிள்ளைகளுக்காக இங்கே வந்திருக்கிறார். எல்லாரையும் திட்டினார். இந்த ஒரு பிள்ளைக்காகத்தான் கேட்டிருக்கிறார். அவன் பரீட்சை எழுதட்டும்."

நான் அண்ணன் பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன். 

"சொல்ல வேணாம் தம்பி. புரிஞ்சிருச்சு" என்றார் அண்ணன்.

கப்பலுக்கு அவர்கள் பெயர் கொடுக்கவில்லை. அவர் மனைவி டோபிக் கடைப் பின்கட்டில் தங்கித் துணி தேய்த்தாள். அவருக்குப் படிக்க நேரம் கிடைத்தது. பள்ளி விட்டதும் நாங்கள் மாறி மாறிப் போய் அவரோடு கணக்குப் போட்டோம். நான் பின்னத்தைப் புரியவைக்கப் பார்ப்பேன். குழந்தை தாளின்மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். விஷயம் தெரிந்த என் அப்பா, என்னை அடிப்பதற்குப் பதிலாக, ஒரு மூட்டை விறகைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் டோபிக் கடையில் போட்டுவிட்டு வந்தார். எனக்குத் தகப்பனாராக நடித்தவரை நேரில் பார்த்தபோது என்ன பேசினார்கள் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

பரீட்சை முடிவு சீமையிலிருந்து கப்பலில் வந்தது. ஹெட்மாஸ்டர் பாசார் வழியாக வெயிலில் நடந்து போய் டோபிக் கடை வாசலில் நின்றார். யாருடைய துணியோ தொலைந்துவிட்டது என்று பயந்து டோபிக்காரர் உள்ளே ஓடிவிட்டார். அண்ணன் பாஸ். கணக்கிலும் பாஸ், எப்படி என்று கணக்கு மாஸ்டருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

உடனே வேலை கிடைத்துவிடவில்லை. பாஸ் பண்ணிய எத்தனையோ பேர் சும்மா திரிந்த காலம். அவர் கொஞ்சநாள் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். விலை ஏறித் தோட்டங்கள் மறுபடி திறந்தபோது, ரவாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அவரைச் சின்னக் கிராணியாக எடுத்துக்கொண்டார்கள். மனைவியோடும் மகளோடும் ரயிலேறினார். ஸ்டேஷனுக்கு எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வந்திருந்தோம். "ஒழுங்காப் படிங்க" என்றார். 

இன்னொன்றைச் சொல்ல விட்டுப்போயிற்று. பரீட்சை முடிந்து, முடிவு வருவதற்கு முன்பே, ஜனவரியில் பள்ளி திறந்துவிட்டது. சீனியர் வகுப்புக்கு வேறு அறை, வேறு பெஞ்சுகள். அண்ணன் இனி வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். பரீட்சை வரைக்கும்தானே கேட்டிருந்தார். காஜாங்கிலிருந்து புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் புத்தகங்களை அணைத்துக்கொண்டு வந்து, என் பக்கத்து இடத்தைக் காட்டி, இங்கே உட்காரட்டுமா என்று கேட்டான்.

"ஆள் இருக்கு" என்றேன்.